நட்சத்திர நோட்டுக்கு வைத்த பொட்டு

அண்ணே, இன்று காலை பூப்பாறை பஸ்ஸில் கண்டக்டர் மீதி கொடுத்த பத்து ரூபாய் நோட்டில் ஒரு நட்சத்திரம் இருந்தது. எழுத்துகளுக்கும் எண்ணுக்கும் நடுவே, சின்னதாக. நம் நாட்டு நோட்டில்! எனக்கு உட்கார முடியவில்லை. எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன்.

பக்கத்தில் இருந்த பெண், "என்ன தாத்தா, லாட்டரியா?" என்றாள்.

"அதை விடப் பெருசும்மா" என்றேன்.

படித்தேன் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இந்த மழைக்காலம் முழுக்க சாக்ஷரதா வகுப்புக்குப் போனேன். எழுபது வயது தாண்டி எழுத்து கற்றேன். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, தீப்பெட்டி, எதையும் விடுவதில்லை. இந்தக் கடிதத்தையும் நானேதான் எழுதுகிறேன். நாலு வரி எழுதுவேன், எழுந்து முற்றத்தில் நடப்பேன், திரும்ப வந்து உட்காருவேன்.

நீங்கள் போடிமெட்டில் டீக்கடை நடத்திய அந்த எழுபதுகளில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடையில் பேப்பரை விரித்துப் படம் பார்ப்பேன். மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். எஸ்டேட் சம்பளப் புத்தகத்தில் என் பெயரைக் கோலம் போடுவதுபோல் வரையப் பழகியிருந்தேன். ஊரே என்னைப் படித்தவன் என்று நம்பியது.

ஜீப்பில் வந்த ஒரு வெள்ளைக்காரர் டீ குடித்துவிட்டு ஞாபகத்துக்கு என்று ஒரு டாலர் கொடுத்துவிட்டுப் போனாரே, அதன் எண் முடிகிற இடத்தில் நட்சத்திரம் இருப்பதை முதலில் கண்டது நான்தான். எழுத்து தெரியாதவனுக்கும் நட்சத்திரம் தெரியும். கல்பாத்தியிலிருந்து மாற்றலாகி தேவிகுளத்துக்கு வந்திருந்த பேங்க் சார் அதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார். அவர் பழைய நோட்டுகளைச் சேர்க்கிறவர்.

"இது சாதாரண நோட்டு இல்லையாக்கும், கேட்டேளா. அச்சடிக்கறச்சே ஒரு நோட்டு கெட்டுப்போச்சுன்னா, அதுக்குப் பதிலா இதை வெப்பா. அதுக்குத்தான் இந்த நட்சத்திரம்."

எர்ணாகுளத்தில் நோட்டுக் கண்காட்சி வரப்போகிறது, அதில் கண்ணாடிக்குள் வைத்து, கீழே உங்கள் பெயரையும் கடையின் பெயரையும் எழுதுவதாகச் சொன்னார். அன்றைக்கு நீங்கள் யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை.

அதன் பிறகு நமக்குப் பைத்தியம் பிடித்தது. கல்லாவில் விழுகிற ஒவ்வொரு ரூபாயையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நம் நோட்டில் நட்சத்திரம் கிடையாது என்று பேங்க் சார் தலையில் அடித்துக்கொண்டும் நீங்கள் கேட்கவில்லை.

"ஏன், நம்ம ஊரு அச்சுல மட்டும் நோட்டு கெட்டுப்போகாதா? தேடுப்பா நீ."

மாதக்கணக்கில் தேடினோம். லாரிக்காரர்கள் டீக்குக் காசு நீட்டப் பயந்தார்கள். "அண்ணே, நம்ம நோட்டு பாஸா பெயிலா?" என்று கேலி செய்தார்கள்.

கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பு உங்கள் மாமனார் இறந்த செய்தி வந்தது. கடைக்கூரை ஒழுகுகிற நாள். போடிக்குப் போகிற பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியாக ஒரு கவரை என் கையில் திணித்தீர்கள்.

"உங்க லயத்துல தகரக் கூரை. அங்கயே இருக்கட்டும். மேல எல்லாம் எழுதியிருக்கேன், பாத்துக்கப்பா."

தலையாட்டினேன். பஸ் வளைவில் திரும்பியது. கவரின் மேல் நாலு வரி இருந்தது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் போதும். என் குட்டு உடைந்துபோகும் என்று கொடுக்கவில்லை.

அந்த வாரமே சம்பளம் வந்தது. எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில், சம்பள நோட்டுகளில் மேலாக இருக்கிற நோட்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, மாரியம்மன் படத்தின் முன் வைத்த பிறகுதான் செலவுக்கு எடுப்போம். உங்கள் நோட்டையும் கவரிலிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். கண்காட்சி உங்களுக்கு நல்லபடியாக நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மஞ்சளைக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்தேன்.

நீங்கள் திரும்பி வந்தபின் பேங்க் சார் கவரைத் திறந்தபோது கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"அய்யய்யோ, ஆரு இதுக்குப் பொட்டு வெச்சது!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "மஞ்ச குங்குமம் பட்டுறக் கூடாது, வெளியவே எடுக்காதன்னு எழுதித்தானப்பா குடுத்தேன்? படிச்சியா இல்லையா?"

ஒரு நொடிதான் இருந்தது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"படிச்சேண்ணே."

"படிச்சிட்டுமா?"

"சாமிக்குத்தானேன்னு..."

நீங்கள் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "படிச்ச ஆளே இப்படிப் பண்ணினா யாருகிட்டச் சொல்ல?" என்றீர்கள். பேங்க் சார் நோட்டை உங்களிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினார். எர்ணாகுளத்தில் உங்கள் பெயர் இல்லாமலே கண்காட்சி நடந்தது.

அதற்குப் பிறகும் எனக்கு டீ கொடுத்தீர்கள். சர்க்கரைகூடக் குறைக்கவில்லை. ஆனால் கல்லா நோட்டுகளை என் பக்கம் தள்ளவே இல்லை. கடையை விற்றுவிட்டு போடிக்கு இறங்கிப் போனபோது கையசைத்தீர்கள், அவ்வளவுதான். உங்கள் உடலுக்கு மாலை போட வந்த அன்றும் உண்மையைச் சொல்ல வாயெடுத்து நின்றேன். கூட்டமாக இருந்தது.

இத்தனை வருடமாக யாராவது ஒரு தாளை நீட்டினாலே வேறு யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பேன். எழுத்து வந்த பிறகும் அது போகவில்லை. படிக்காதவன் என்று பெயர் எடுப்பதைவிட உங்கள் பேச்சை மதிக்காதவன் என்று பெயர் எடுப்பது மேல் என்று அந்த ஒரு நொடியில் நினைத்துவிட்டேன். இருக்கிற பெயர்களிலேயே அதுதான் மோசமானது என்று உங்கள் முதுகைப் பார்த்தபோது தெரிந்தது.

நான் அதைப் படிக்கவில்லை, அண்ணே. எனக்குப் படிக்கத் தெரியாது.

இந்த ஒரு வரியை எழுத மத்தியானம் முழுக்க ஆகிவிட்டது. ஓர் இடத்திலும் அடித்து எழுதவில்லை.