எனக்குக் கிடைக்காத அடி

அத்தை,

இன்று காலை ராஜபாளையம் மார்க்கெட்டில் சப்பட்டை மாம்பழம் வந்திருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் இருந்த பழைய கோபம் வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகியும் அது தீரவில்லை.

உங்கள் வீட்டில் பழம் நறுக்கினால் இரண்டு பக்கத்துக் கதுப்பும் தட்டில் எனக்கு வரும். கொட்டை உங்கள் மகள் கோமதிக்கு. முழங்கைவரை சாறு வழியச் சப்புவாள். “ஏட்டி, பாவாடையில தொடச்சே, தோல உரிச்சிருவேன்” என்பீர்கள். என் பக்கம் திரும்பும்போது குரல் மாறிவிடும். “நீ சாப்பிடு பாப்பா.” எனக்குக் கதுப்பு வேண்டாம். அந்த ‘ஏட்டி’தான் வேண்டும்.

என் அம்மா மில்லில் ஷிப்டு முடிந்து வந்து அப்படியே படுத்துவிடுவாள். பாசம் உண்டு, திட்டத்தான் தெம்பு கிடையாது. நீங்களோ நைட்டி தைக்கிற மிஷினை மிதித்துக்கொண்டே கோமதியை ஏசுவீர்கள். தலை சீவவில்லை, செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போட்டாள், எதற்கெடுத்தாலும் ஏச்சுதான். அவள் அலுத்துக்கொள்வாள். எனக்கு வயிறு எரியும்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆடிப்பூரத் தேர் பார்க்க எங்கள் இருவரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனீர்கள். கூட்டத்தில் கோமதியின் கையை நானே உதறிவிட்டு, ஒரு வளையல் கடையின் படுதாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நான் தொலையவில்லை அத்தை, ஒளிந்துதான் நின்றேன். நீங்கள் தேடி வந்து என்னையும் ஒரு அறை அறைவீர்கள் என்று நினைத்தேன். படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்தபோது, முடி கலைந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பயந்துபோய் வெளியே வந்தேன்.

அறை விழுந்தது. கோமதிக்கு. “கூட வந்த புள்ளயப் பாக்காம எங்கேட்டி பராக்குப் பாத்த?” என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அதே கடையில் எனக்கு வளையல் வாங்கிப் போட்டீர்கள். கோமதியின் கன்னத்தில் உங்கள் விரல்கள் பதிந்திருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்காக நான் பரிதாபப்படவில்லை. பொறாமைதான் பட்டேன்.

போன வாரம் உங்கள் திவசத்துக்குக் கோமதி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, முப்பது வருஷமாக மறைத்து வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புரியாமல் பார்த்தாள்.

“அம்மா என்னய அடிச்சாளா? எனக்கு ஞாபகமே இல்ல.”

பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டே மேலும் சொன்னாள்.

“பஸ்ல திரும்பி வாரப்ப அவ மடியில நீதான் படுத்துத் தூங்குன. ராசபாளயம் வார வரைக்கும் ஒன் தலையத் தடவிக்கிட்டே வந்தா. நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அம்புட்டு எரிச்சலா வந்துச்சு. ஒரு வாரம் ஒங்கூடப் பேசலியே, மறந்துட்டியா?”

அவள் பேசாமல் இருந்ததுகூட எனக்கு நினைவில்லை.

ஒரு வாரமாக முயன்று பார்க்கிறேன் அத்தை. தேர், கூட்டம், படுதாவின் ஓட்டை, அந்தக் கன்னம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. உங்கள் மடி மட்டும் வரவில்லை. எனக்குக் கிடைக்காத அடியை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். கிடைத்த மடியோ கோமதியிடம் இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது அவள்மேல் பொறாமையாக இருக்கிறது.