கற்றாழைப் படம் போட்ட டப்பா

இன்று காலை மருந்துக்கடைக்கு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஏலக்காய் என்று சொல்லிக்கொள்ளும் வாசனை. மலை முழுக்க ஏலம் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஏலக்காயை எட்டியும் பார்க்காத வாசனையை கிரீம் என்று டப்பா டப்பாவாக விற்கிறோம். மூடியின் மேல் பளபளவென்று ஒரு கற்றாழை மடல். நீ இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பாய். சம்பளத்துக்கு நிற்கும் நான் அலமாரியில் அடுக்கினேன்.

இந்தக் கிரீம் கம்பெனியில்தான் மூன்று வருடம் நான் கலவை பார்த்தேன். தண்ணீர், கிளிசரின், எண்ணெய், மெழுகு, சென்ட். கடைசியில் ஒரு சின்னப் பாட்டிலில் கற்றாழைச் சாறு வரும். அத்தனை பெரிய அண்டாவுக்கு ஒரு மூடி. தோலைக் காய விடாமல் காத்தது கிளிசரினும் மெழுகும்; பேர் வாங்கியது கற்றாழை. வேதியியல் படித்த எனக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்தும், "முழுக்க இயற்கை" என்று அச்சடித்த சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

சிலமலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் கல்லூரிக்குப் போனேன். நீ ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலம் பறிக்கப் போனாய். மருந்தடித்த செடிக்குள் வெறுங்கையை விட்டு விட்டு உன் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது.

"ஏ புள்ள, ஒங்க கம்பெனி கிரீம் ரெண்டு கொண்டா. கை எரியுது, சோறு பெசைய முடியல" என்றாய்.

கொண்டுவந்தேன். வெடிப்புக்குள் சென்ட் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தும் கொடுத்தேன். பத்து நாளில் உள்ளங்கை சிவந்து வீங்கியது.

அந்த வாரம்தான் எங்கள் கம்பெனி முதலாளி விளம்பரப் படம் எடுக்க நீ வேலை பார்த்த எஸ்டேட்டுக்கு வந்தார். நானும் கூட வந்திருந்தேன். மலைப் பெண்களின் மென்மையான கையைக் காட்ட வேண்டுமாம். அதற்கு மதுரையிலிருந்து ஒரு பெண்ணைக் காரில் கூட்டி வந்திருந்தார்கள். மலையில் வேலை பார்க்கும் கை அவர்களுக்கு ஆகவில்லை. நீ கூடையை இறக்கிவிட்டு, கேமராவுக்கு நேரே இரண்டு கையையும் விரித்தாய்.

"இது ஒங்க கிரீமு போட்ட கை. இதையும் எடுங்கண்ணே."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கெமிஸ்ட் நீங்கதானம்மா, சொல்லுங்க."

"அவங்க சரியாப் போட்டிருக்க மாட்டாங்க சார்" என்றேன்.

நீ என்னைத் திட்டவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த சனிக்கிழமை சந்தையில் பார்த்தபோது நீயே கூப்பிட்டு, "வயித்துக்காகப் பேசிட்ட, விடு. ஆனா அந்தச் சோலிய விட்ரு புள்ள. நல்லால்ல" என்றாய். எனக்குக் கோபம் வந்தது, பார். உன் மேல்!

ஆறு மாதத்தில் உனக்கு மஞ்சள் காமாலை முற்றியது. தேனி பெரியாஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நின்றேன். பேசவே சிரமப்பட்டாய். ஆனாலும் கேட்டாய்.

"விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்" என்றேன்.

அன்று காலையில்கூட அண்டாவில் ஒரு மூடி கற்றாழை ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். உண்மையில் நான் வேலையை விட்டது நீ போய் நான்கு மாதம் கழித்து. அதுவும் வீரத்தினால் அல்ல. சீட்டில் என் கையெழுத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

இப்போது வெடித்த கையோடு யார் வந்து அந்த டப்பாவைக் கேட்டாலும், சாயமும் சென்டும் இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியை எடுத்துக் கொடுக்கிறேன். பறிக்கும்போது கையுறை போடச் சொல்கிறேன். கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும். இதையெல்லாம் செய்து நல்லவளாகிவிட்டேன் என்று உனக்கு எழுதவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் என் பொய்யை நம்பி நீ சிரித்தாய், என் விரலை லேசாக அழுத்தினாய். எனக்குச் சேராத அந்தச் சிரிப்பை இன்னும் வைத்திருக்கிறேன்.