மாத்தறைப் பொடியனின் கருவிழி

பெப்ரவரி 12, திங்கள்
காலையில் தூறல். பழுகாமத்துப் பாதை முழுக்கச் சேறு. வகுப்பில் பிள்ளைகளின் கொப்பியெல்லாம் புகைமூட்டம். இடது கண் சிவப்பு, வெளிச்சம் பட்டால் குத்து. வலது கண் சின்ன வயதிலேயே போனது. இருப்பது இது ஒன்று. இதிலும் வயலில் சூடடிக்கும்போது நெற்சுணை பட்டுப் புண்ணாகி, போன வருடம் கொழும்பு ஆஸ்பத்திரியில், இறந்துபோன ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் கண் காய்ந்திருக்கிறது என்று சொட்டு மருந்து தந்தார். காய்ந்த கண்ணில் ஏன் இவ்வளவு நீர்? காய்ந்தாலும் வடியுமாம். விளங்கவில்லை.

13, செவ்வாய்
குறையவில்லை. டவுனில் கண் டாக்டரிடம் போக வேண்டும். வாவிக்கு அக்கரையில் வெடிச்சத்தம், ஓடம் இல்லை. வீட்டுக்காரர் இவர் வெக்கை என்கிறார். அம்மா நாவூறு என்கிறாள். மிளகாய் சுற்றிப் போட்டாள், புகையில் இன்னும் எரிச்சல்.

எனக்கு வேறொரு நினைப்பு. இவரிடம்கூடச் சொல்லவில்லை. கண் தந்தவன் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பொடியன், விபத்தில் செத்தவன் என்று கொழும்பில் தாதி சொன்னாள். என் தம்பியை ஆமிக்காரர் பிடித்துப்போனார்கள், அவன் வரவேயில்லை. அதன்பிறகு அந்தப் பாஷை காதில் விழுந்தாலே எனக்கு உடம்பு இறுகும். அதனால்தான் கண் ஒட்டவில்லையோ? பைத்தியமா எனக்கு.

15, வியாழன்
ஓடம் விட்டார்கள். ஆமிக்காரரின் காவல் சென்றியில் ஆண்களை மறிக்கிறார்கள் என்பதால் இவர் வரவில்லை. இவருடைய தங்கை, என் மச்சாள், கைபிடித்துக் கூட்டிப்போனாள். சென்றியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். வெயில் ஊசி ஊசியாக. ஆமிக்காரன் ஒருவன் என் கண்ணைப் பார்த்து ஏதோ சொன்னான். பாவம் என்றானா, போ என்றானா? மச்சாளுக்கும் தெரியவில்லை.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். காய்ந்திருப்பது உண்மை, ஆனால் அது மட்டுமில்லை என்றார். கருவிழியில் இரத்தக்குழாய் கிடையாதாம். அதனால் பிறத்தியாரின் கருவிழி வந்திருப்பது உடம்புக்கு லேசில் தெரியவராதாம். எனக்கு ஒரு குழாய் வளர்ந்து தையல்வரை போய்விட்டது.

"இப்ப உங்கட உடம்பு கண்டுபிடிச்சிட்டுது. தள்ளப் பாக்குது."

என் மனதிலுள்ள வெறுப்பாலா என்று கேட்டுவிட்டேன்.

"உடம்புக்கு ஆர் எவரெண்டு தெரியாதம்மா. உங்கட தாய்ட கருவிழிய வெச்சாலும் தள்ளலாம்."

ஆறுதலா இது? தெரியவில்லை. வேறு மருந்து தந்தார், மணிக்கொரு தரம் விட வேண்டும். இன்னும் பிந்தியிருந்தால் கண் போயிருக்குமாம்.

22, வியாழன்
சிவப்பு வடிந்துவிட்டது. வாசலில் நின்ற அம்மாவின் முகம் தெரிந்தது, மூக்குத்திகூட. ஓரத்தில் கொஞ்சம் மங்கல் மிச்சம். அது அப்படியே நிற்குமோ என்னவோ.

அம்மா மருந்து விட வந்தபோது சொல்லிவிட்டேன், யாருடைய கண் என்று. போத்தல் பிடித்த கை அப்படியே நின்றது. ஏசுவாள், தம்பி பெயரைச் சொல்லி அழுவாள் என்று நினைத்தேன்.

"அவன்ட தாய்க்குத் தெரியுமா புள்ள, இது இஞ்ச இருக்கெண்டு?"

தெரியாது என்றேன். என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"கொஞ்சம் மூடாம இரு."

பார்த்துக்கொண்டே இருந்தாள். மருந்து விடவில்லை.