பன்னிரு கரங்களுக்கு மணி

கோத்தகிரி, மார்கழி 9

சௌபாக்கியவதி சிவகாமிக்கு, முருகன் திருவருள் முன்னிற்க. இங்கு நான் நலம். உன் மூட்டுவலி தணிந்ததா?

நம் மகள் பங்கஜத்துக்கு வரனாக நான் எழுதிய தேயிலை ஆலை எழுத்தர் மாரப்பனால் நேற்று அதிர்ந்துபோனேன், நீ கலங்காதே. நாள்தோறும் நான் பதிகம் ஓதும் முருகன் கோயிலுக்கு வந்து மணிக்கயிற்றைப் பன்னிரண்டு முறை இழுப்பார்; சற்று நின்று மீண்டும் பன்னிரண்டு; இப்படி மூன்று சுற்று. ஆறுமுகனின் பன்னிரு கரங்களுக்கும் மனம், மொழி, மெய்யால் செய்யும் வழிபாடு என்றல்லவா உருகினேன்! நேற்று பதிகம் பாடி முடித்ததும் அவரை மெச்சினேன்.

"சாமி, அது டிரைசெப்ஸுக்குங்க, கையோட பின்சதை. தண்டால் எடுத்தா நெஞ்சுதான் ஏறுது. முழங்கைய விலாவோட ஒட்டி வெச்சுக் கயித்தைக் கீழ இழுத்தாத்தான் இது பெருக்குதுங்க" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினார், சந்நிதியிலேயே!

சினந்து, இனி மணியைத் தொடாதீர் என்றேன். இன்றும் வந்தார், கும்பிட்டுத் திருநீறு மட்டும் பெற்றுச் சென்றார். அந்த அமைதி பொறுக்காமல் முப்பத்தாறையும் நானே அடித்தேன். இப்போது கையைத் தூக்க இயலவில்லை, தைலம் அனுப்பு. தேய்த்துவிடத்தான் ஆளில்லை.

பக்தி என்றே அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஆகவே, அவர் வீட்டாரிடம் கொடுத்த ஜாதகத்தைத் திருப்பி வாங்கிவிடாதே. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

திருஞானம்