இடது பக்கத்து எட்டு

என் செல்லத் தங்கை பானுவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நல்ல செய்தி ஏதாவது கிடைத்தால் எழுதலாம் என்று தள்ளிப்போட்டு வந்தேன். இது நல்ல செய்தி இல்லை. உன்னைத் தவிர யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

முடிச்சூர் சாலையில் உன் படத்தைப் போட்டுப் பேனர் வைத்திருக்கிறார்கள். 'பானு மேடம் வழியில் கோடிங்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நீயும் மோகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்திய அதே டயர் கடை மாடிதான். இப்போது மோகன் தனியாக நடத்துகிறான், ஏசி வந்துவிட்டது. உன் தெர்மாமீட்டரும் ஸ்டாப்வாட்சும் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை.

இதை என் பத்திரிகையில் போடப்போகிறேன், உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உன் கதையை உன்னிடமே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

வேலை முடிந்து வருகிறவர்களுக்கு நீ புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தாய். பலருக்குக் கணக்கும் அறிவியலும் பள்ளியோடு போயிருந்தன. முதல் நாள் யாரையும் லேப்டாப்பைத் திறக்க விடமாட்டாய். கீழேயிருந்து டீ வரும், யாரும் குடிக்கக் கூடாது. டீ எண்பது டிகிரி, அறை முப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு நிமிடமும் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், டீ நாற்பதுக்கு வர எத்தனை நிமிடம் என்பாய்.

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பாய். இடது பக்கம் பேனாவால் ஊகம். வலது பக்கம், புரோகிராமை ஓட்டிப் பார்த்த பிறகு வந்த விடை. அது மட்டும் பென்சிலில். ஊகம் தப்பாகப் போனாலும் அடிக்கக் கூடாது. புதுக் கணக்கு எதையும் உன் நோட்டிலேயே முதலில் என்னிடம்தான் சோதித்துப் பார்ப்பாய். வெட்கத்தில் ஒருமுறை அடிக்கப் போனேன். "அடிக்காதண்ணா, எங்க வழுக்கினோம்னு அப்புறம் எப்படித் தெரியும்?" என்றாய்.

போன வாரம் ரேவதி வீட்டுக்கு வந்தாள். உன் கடைசி வகுப்பில் இருந்தவள், திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் இரும்புப் பாகங்களை அளந்து பார்க்கிறவள். பேனரில் உன் முகத்தைப் பார்த்துத்தான் மோகனிடம் சேர்ந்திருக்கிறாள். சான்றிதழ் வாங்கினால் மெஷினுக்குப் புரோகிராம் எழுதும் வேலைக்கு மாற்றுகிறோம் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றுப்போனாள்.

"இன்னா சார் இது? டீ கணக்குக்குப் பதினாறு நிமிசம்னு போட்டேன், தப்பாம். எட்டுதான் ரைட்டாம். நாலு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன், பதினாறுதான் வருது. வூட்ல டீ போட்டு வேற வெச்சுப் பாத்தேன். எட்டு நிமிசத்துல வாயில வெச்சா இன்னும் சுடுது சார்."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"எல்லாம் எட்டுன்னு மனப்பாடம் பண்ணிகினு வந்துதுங்க. ஓட்டிப் பாத்தீங்களான்னு கேட்டா, உனுக்கு வேற வேல இல்லியாக்கான்னு சிரிக்குதுங்க."

மறுநாள் காலை மோகனிடம் போனேன். விடைத்தாளைக் காட்டச் சொன்னேன். எட்டு என்றுதான் அச்சடித்திருக்கிறது.

"மேடம் நோட்லயே எட்டுன்னுதானே அண்ணா இருக்கு. அவங்க எழுதினத நாங்க மாத்துவோமா?"

"ஓட்டிப் பாத்தியா மோகன்?"

"எதுக்கண்ணா ஓட்டணும்? எக்ஸாம் வெறும் டிக் அடிக்கிறதுதான். மூணு பேட்ச் எட்டுன்னு போட்டு பாஸாகிப் போயிருக்கு. இப்ப பதினாறுன்னு சொன்னா சும்மா விடுவாங்களா?"

சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினான். சேலையூரில் திறக்கப்போகும் கிளைக்கு உன் பெயரை வைக்க, குடும்பத்தின் சம்மதக் கடிதம். "இதுல ஒரு சைன் போடுங்கண்ணா. அந்த அக்காவுக்கு நான் பாஸ் போட்டுடறேன், விடுங்க."

உன்னிடம் இரண்டு வருடம் பழகியவன், பானு. உன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். எங்கேயிருந்து வருகிறது இந்தச் சிரிப்பு?

நோட்டைக் கேட்டேன். கொண்டுவந்து வைத்தான். டீ கணக்குப் பக்கத்தைத் திருப்பினேன். இடது பக்கத்தில் நீல மையில் எட்டு, ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம். 'பூரி மேல பூரி வெச்ச மாதிரி' என்று நீ கேலி செய்வாயே, அந்த எட்டு. முதல் நிமிடம் ஐந்து டிகிரி குறைகிறது, நாற்பது டிகிரி குறைய எட்டு நிமிடம் என்று அன்றைக்கு நான்தான் எழுதினேன். டீ ஆற ஆற, குறைகிற வேகமும் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. வலது பக்கத்தில் உன் கையால் மெல்லிய பென்சிலில் பதினாறு. மோகன் வகுப்புக்கு எடுத்த ஜெராக்ஸில் அந்தப் பென்சில் எழுத்து விழவேயில்லை.

மூன்று பேட்ச் உன் பெயரில் மனப்பாடம் செய்தது என் தப்பை.

மோகனை மட்டும் திட்டி முடிக்க முடியவில்லை. உன் காரியம் முடிந்த வாரம் அவன் வந்து நோட்டைக் கேட்டபோது, திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்தது நான். முப்பது வருடப் பத்திரிகை வேலையில், ஓர் ஊர்ப் பெயரைக்கூட இரண்டு பேரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பாதவன். உன் எழுத்துக்கு அந்த மரியாதையைச் செய்யவில்லை. அவனைப் பார்த்து வந்த அருவருப்பில் பாதி என்மேல்தான்.

கையெழுத்துப் போடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பேனரை எடுக்கச் சொன்னதற்கு, "பாக்கலாம்ணா" என்றான்.

ஆனால் கீழே வந்ததும் நின்றுவிட்டேன். நான் போடாத கையெழுத்துக்கு ரேவதியின் வேலையல்லவா போகிறது? நான் யார் அதை முடிவு செய்ய? டயர் கடை வாசலில் நின்றபடியே அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமானால் மேலே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். பட்டறைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினாள்.

"வோணாம் சார். எட்டுன்னு ஒத்துகினா மாரி ஆயிடும். அங்க மெஷின்ல ஒரு நம்பர் தப்பாப் போட்டா டூலு ஒடஞ்சி மூஞ்சில அடிக்கும். நாளைக்கு லேப்டாப்ப தூக்கினு போய் சூப்பர்வைசர் முன்னாடியே ஓட்டிக் காட்றேன். வேல தந்தா தரட்டும். நோட்ட வாங்கிட்டீங்கல்ல, அது போதும்."

காட்டினாளாம். அவர் பார்த்துவிட்டு, "முதலாளிகிட்ட கேக்கறேன்" என்றாராம். அவ்வளவுதான் இன்றைய நிலவரம்.

பானு, உன் பெயரைச் சொல்லி இனி என் கையிலிருந்து போகும் எந்த விடையும் ஓட்டிப் பார்க்காமல் போகாது. இது வாக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நம் வீட்டு ஹாலில் வகுப்பு. ரேவதி நடத்துகிறாள், நான் டீ போடுகிறேன். புதுத் தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன்.

எத்தனை பேர் வருவார்கள் என்று உன் நோட்டின் அடுத்த பக்கத்தில் கோடு போட்டு, இடது பக்கம் பேனாவால் எழுதியிருக்கிறேன். எட்டு, பூரி மேல் பூரி. வலது பக்கம் காலியாக இருக்கிறது, பென்சில் பக்கத்தில் இருக்கிறது. ரேவதி ஒருத்தி மட்டும் வந்தாலும் அடிக்க மாட்டேன்.

இன்னமும் இடது பக்கத்திலேயே இருக்கும்,
உன் அண்ணன்