ஓட்டத்துக்கு முன்னால் ஒரு தம்ளர் பால்

கும்மிடிப்பூண்டி
செவ்வாய்க்கிழமை

என் தங்கம் ஜெனிபருக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் நான், அப்பா, தம்பி ஸ்டீவன் மூன்று பேரும் இங்கே சுகம், உன் சுகத்தைத்தான் எந்நேரமும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிரில் எழுந்து ஓடுகிற பிள்ளையிடம் சுகமா என்று கேட்டால் நீ சுகம் என்றுதான் சொல்வாய், உன்னை எனக்குத் தெரியாதா. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சிலேயே பட்டாளத்து டிரெயினிங் ஆட்கள் உன் போனை வாங்கிக்கொண்டார்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர்லாம் எழுதிக்கினு கீறாங்க என்று ஸ்டீவன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. நம் தெருவிலிருந்து யூனிபார்ம் போட்ட முதல் பெண் என்று பாஸ்டர் மைக்கிலேயே உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார், சர்ச்சே திரும்பி எங்களைப் பார்த்தது. அப்பா தன் கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குக்கூட உன் போட்டோவைக் காட்டியாகிவிட்டது. எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிற கங்கம்மா, இன்னாடி ரோசா, உம் பொண்ணு துப்பாக்கிலாம் புடிச்சிக்கினு கீதா என்று தினமும் கேட்கிறாள். நான் சும்மா இருப்பேனா, பீரங்கியே ஓட்டுகிறாள் என்று அடித்துவிட்டிருக்கிறேன், நீ லீவில் வரும்போது காட்டிக்கொடுத்துவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போனில் நீ, ஓடும்போது பாதியில் வாந்தி வருகிறது, போன டெஸ்டில் அதனால்தான் பெயில், அடுத்த மாதம் இன்னொரு தடவைதான், அதையும் விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனக்குத் தெம்பு இல்லம்மா, நானே ஊட்டுக்கு வந்துடறேன் என்று அழுதாய். தெம்பு இல்லையா, சிப்காட் பக்கத்து கிரவுண்டில் பையன்களை எல்லாம் முந்தி ஓடினவளுக்கா? காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு ஓடுகிறாய் என்று கேட்டதற்கு, ஒரு பெரிய தம்ளர் பால், ஒரு கை ஊற வைத்த கடலை என்று இழுத்தாய், அப்போதே எனக்குப் பொறி தட்டியது. இருந்தாலும் தெரியாமல் எழுதக்கூடாது என்று நானே சோதித்துப் பார்த்துவிட்டேன், உனக்கும் எனக்கும் மூக்கு மட்டுமில்லை, வயிறும் ஒன்றுதானே. நேற்று விடியற்காலை பாக்கெட் பாலைக் காய்ச்சி ஒரு தம்ளர் முட்டக் குடித்துவிட்டு, நீ விட்டுப்போன ஷூவை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் ஓடினேன். ஒரு சுற்று முடிவதற்குள் வயிறு பிரட்டி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன், வாக்கிங் வந்த வசந்தகுமார் சார் பயந்துபோய் ஆம்புலன்சுக்குப் போன் போடட்டுமா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. இன்றைக்கு ஒரு வாழைப்பழம் தின்று, பால் ஊற்றாத டீயில் கொஞ்சம் வெல்லம் போட்டுக் குடித்துவிட்டு, அரைமணி நேரம் பொறுத்து ஓடினேன். உன் ஓட்டம் மாதிரி இல்லைதான், ஆனால் நிற்காமல் ஓடினேன், ஸ்டீவன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான்.

ஒத்துக்கொள்ளாத பாலை ஏன்டி குடிக்கிறாய் என்றதற்கு ஒன்று சொன்னாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. மற்றப் பெண்கள் எல்லாம் மடக் மடக் என்று குடிக்கிறார்கள், நான் வேண்டாம் என்றால் பாலையே பார்க்காத வீடு என்று நினைப்பார்கள் என்றாய். ஆமாம், பார்க்காத வீடுதான். நம் ஜனங்கள் அடுத்தவர் மாட்டைக் குளிப்பாட்டி, கறந்து, அந்தப் பாலை அவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள், வெல்லம் போட்ட டீத்தண்ணியைக் குடித்துவிட்டு நாள் பூராவும் கழனியில் நின்றவர்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, வெட்கப்பட வேண்டியவர்கள் வேறே ஆட்கள். அந்த டீத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தானே நீ செலக்ஷனில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாய்? அன்றைக்கு நான் கேட்டுக்கு வெளியே நின்று அழுதது உனக்குத் தெரியாது, சந்தோஷத்தில் அழுதேன்.

அதனால் மெஸ்ஸில் வாயைத் திறந்து சொல்லு. எங்கள் லைனில் வேலை செய்கிற பீகார்ப் பெண்ணிடம் கேட்டே வந்துவிட்டேன், முஜே தூத் நஹி பச்தா, கேலா தீஜியே, எனக்குப் பால் செரிக்காது, வாழைப்பழம் கொடுங்கள் என்று அர்த்தமாம். என்னைவிட உனக்கு இந்தி நன்றாகத் தெரியும், தெரிந்தும் இதை மட்டும் சொல்லாமல் இருந்தாய். ஓடுவதற்கு அரைமணிக்கு முன்னால் வாழைப்பழம், கிடைக்காத அன்றைக்கு நான் அனுப்புகிற பேரீச்சம்பழம். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காதே, வாய் வாயாகக் குடி. கடலையும் முட்டையும் ஓடி முடித்து வந்து தின்னு, வெறும் வயிற்றோடும் ஓடாதே, கண்ணை இருட்டும். டெஸ்ட் அன்றைக்குப் போய் புதிதாக எதையும் தின்னாதே, இப்போதிருந்தே பழக்கிக்கொள்.

பேரீச்சம்பழத்தைப் பக்கத்துக் கட்டில் பெண்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு, ராத்திரி காதில் துணி கட்டிக்கொண்டு படு, மறக்காதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன் கூடவே இருப்பாராக. வந்துவிடுகிறேன் என்றாயே, தாராளமாக வா, இங்கே யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். ஆனால் அடுத்தவர்களுக்குப் பயந்து குடித்த பாலோடு ஓடித் தோற்றுவிட்டு வராதே. ஒரு தடவை உன் சொந்த வயிற்றோடு ஓடிப் பார்த்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பெருமையில் இருக்கும் அம்மா
ரோசம்மாள் தானியேல்