இதமா இருக்கா?

மார்ச் 3, செவ்வாய்

நேற்றும் மூன்று மணி நேரத் தூக்கம்தான். சலவைக்கூடத்தில் ஆள் குறைந்ததிலிருந்து இரண்டு நீராவி இஸ்திரிகளும் என் தலையில். கண்ணை மூடினால் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஊரார் படுக்க மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுக்கிறவன், நான் மட்டும் புரண்டுகொண்டே கிடக்கிறேன்.

துணி மடிக்கிற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணியில கால வெச்சுட்டு இருபது நிமிஷம் சும்மா உக்காருங்க. மனசு தன்னால அடங்கும்." சும்மா உட்காருவதா? அது எப்படி என்றே மறந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

உட்கார்ந்தேன். ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்! அக்காதான் கத்தினாள். "துணி ஊற வெக்கிற டப்புல உன் காலாடா? இனிமே என் புடவைய எதுல போடறது?"

மார்ச் 10, செவ்வாய்

ஐந்து நாளாகத் தவறாமல் தண்ணீர். இன்று சூடாக இருந்த இஸ்திரி மூடியை வெறுங்கையால் தூக்கி வைத்தேன். சலவைக்கூட மேஸ்திரி சிரித்தார். "உனக்கு இருக்கறது கையா, இடுக்கியா?" வழக்கமாக எரிந்து விழுவேன். இன்று நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி பிடித்த கை. சும்மாவா?

அக்காவுக்கும் தூக்கம் இல்லை. அத்தான் போனதிலிருந்து ரேடியோவைப் பேசவிட்டுக்கொண்டேதான் படுக்கிறாள். உனக்கும் வெந்நீர் வைக்கிறேன் என்றேன். "எனக்கெதுக்குடா இந்த ராஜ உபசாரம்?" என்றாள். விடுவேனா?

மார்ச் 13, வெள்ளி

ஒருவழியாக அக்காவை உட்கார வைத்துவிட்டேன். தண்ணீரைக் கலந்து, கையை விட்டுப் பார்த்துத்தான் வைத்தேன். "ஒண்ணும் தெரியலையேடா" என்றாள். கெட்டிலில் மிச்சம் இருந்ததையும் ஊற்றினேன். மறுபடியும் கையை விட்டேன். வெதுவெதுப்புதான்.

"இப்ப இதமா இருக்கா?"

"இதமா இருக்குடா."

கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். எனக்கு ஒரே பெருமை. எனக்கு எட்டு வயதில் அம்மா போனதிலிருந்து இவள்தான் என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி ஆளாக்கினாள். அவளுக்கு நான் செய்த முதல் சேவை என்று கூட நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

அக்காவின் இரண்டு பாதங்களிலும் கொப்புளம். இடது கால் சுண்டுவிரல் பக்கம் தோல் வழன்று வந்துவிட்டது. வலிக்கவே இல்லை என்கிறாள். சர்க்கரைக்காரிக்கு வலிக்காது. வலிக்காது என்பதுதான் அந்த வியாதியே.

கிளினிக்கில் நர்ஸம்மா கேட்டார், "தண்ணி யார் வெச்சது?"

அக்கா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நான்தாம்மா. தம்பி வேலைக்குப் போயிருந்தான்."

நான் பக்கத்திலேயே ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயே திறக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஜனவரியில் மாத்திரை வாங்கப் போனபோது இதே நர்ஸம்மா என்னிடம் சொன்னார்: "கால்ல உணர்ச்சி கம்மியாயிடுச்சு. செருப்பு, சூடு, ரெண்டுலயும் கவனமா இருங்க." அன்றைக்கே நல்ல மெத்துமெத்தென்ற செருப்பாகப் பார்த்து வாங்கிவந்தேன். மேஸ்திரியிடம் கூடப் பீற்றிக்கொண்டேன். செருப்பு ஞாபகம் இருந்தது. அடுத்த வார்த்தை எங்கே போச்சு? என் காதுக்கு அவ்வளவுதான் கொள்ளளவா?

மார்ச் 17, செவ்வாய்

தூக்கம் இல்லை. டப்பைப் பரணில் தூக்கிப் போட்டேன். இனி எனக்கு அது வேண்டாம்.

மார்ச் 20, வெள்ளி

சுண்டுவிரல் கறுத்துக்கொண்டு வருகிறது. பத்து நாள் பார்ப்போம், தேறாவிட்டால் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். ஏதோ வீட்டில் பழைய நாற்காலியை எடுப்பது மாதிரி சொல்கிறார். எடுக்கணுமாம். என் அக்கா விரலு. நான் வெந்நீர ஊத்தி வேகவெச்ச விரலு.

மார்ச் 24, செவ்வாய்

கட்டு மாற்றும்போது நர்ஸம்மா அக்காவை ஒரு பிடி பிடித்துவிட்டார். "எத்தன தடவ சொல்லிருக்கோம்? சின்னப் பிள்ளையா நீங்க?" அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் கண்ணாடியை உடைத்தபோதும் இப்படித்தான் எனக்காக அப்பாவிடம் திட்டு வாங்கினாள். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது.

"அவங்க இல்ல சிஸ்டர். நான். ஜனவரியில நீங்க என்கிட்டதான் சொன்னீங்க. கைய விட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

நர்ஸம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மேஜையில் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த டீ. அந்த எவர்சில்வர் டம்ளரைக் கைக்குட்டையால் பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். "எப்படி இருக்கு?"

"வெதுவெதுப்பா."

"என்னால இத வெறுங்கையில தொடவே முடியாது. அவங்க காலும் சொல்லாது, உங்க கையும் சொல்லாது. நல்ல ஜோடிதான் போங்க."

வீட்டுப் படியில் நின்று அக்கா கேட்டாள், "எதுக்குடா சொன்ன? நான்தான் ஏத்துக்கிட்டேன்ல?" பிறகு குரலை இறக்கிச் சொன்னாள், "அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலடா. சூடும் தெரியல, இதமும் தெரியல. நீ அவ்ளோ ஆசையா கேட்ட. இல்லன்னு எப்படிச் சொல்ல?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 31, செவ்வாய்

விரலை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 8, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. தாங்கித் தாங்கி நடக்கிறாள். நான் முன்னால் போய் நாற்காலி, செருப்பு எல்லாவற்றையும் ஒதுக்குகிறேன். "தள்ளுடா, நீதான் வழில நிக்கிற" என்கிறாள். மன்னிப்புக் கேட்டால் கோபம் வருகிறது அவளுக்கு. கேட்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பினால், கூடத்தில் டப்பு. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள். உள்ளே ஆவி பறக்கிற தண்ணீர்.

"உக்காரு."

"வேணாங்கா."

"ஒரு மாசமா பேய் மாதிரி உலாத்திட்டு இருக்க. நீ முழிச்சிருந்தா என் விரல் மொளைக்குமா? உக்காருடா."

முழங்கையை விட்டுப் பார்த்தாள். நர்ஸம்மா சொல்லிக் கொடுத்ததாம். காலை வைத்தேன்.

"இதமா இருக்கா?"

எவ்வளவு ஆசையாகக் கேட்டாள்! ஆமாம் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"இல்லக்கா. சுடுது."

ஒரு குவளை பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் சுடுது."

இன்னொரு குவளை. "இப்ப?"

"இப்ப இதமா இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"அப்படி வாயத் தொறந்து சொல்லணும், ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு ரேடியோவை நிறுத்தினாள்.

ஏப்ரல் 20, திங்கள்

அலாரம் அடித்தது கேட்கவே இல்லை. அக்காதான் எழுப்பினாள். வேலைக்கு அரை மணி தாமதம். ஓட்டமாகக் கிளம்பும்போது வாசலில் அந்தச் செருப்பு கிடந்தது, ஜனவரியில் நான் வாங்கியது. இடது செருப்பின் ஓரத்தில் கொஞ்சம் பஞ்சைச் சுருட்டி, விரல் இருந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறாள். நூல் ஒரு பக்கம் பிரிந்திருக்கிறது. சாயங்காலம் வந்து நான் தைத்துக் கொடுக்க வேண்டும்.